பனைமரத்தடிப் பாலும் கள்ளாகிவிடுமா?

"பனைமரத்தின் கீழே உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள்" என்பது நம் நாட்டுப் பழமொழி. வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லும் நோக்கம் நல்லதுதான். சந்தேகத்துக்கு இடமான இடத்தில் போய் நிற்காதே, ஊர் வாயில் விழாதே என்பது அதன் கருத்து. ஆனால் இந்தப் பழமொழிக்குள் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. ஒருவர் பாலைக் குடிக்கிறவர். மற்றவர் தொலைவில் நின்று பார்த்துவிட்டு, அது கள் என்று தீர்ப்புச் சொல்கிறவர். புத்திமதி முழுவதும் குடிக்கிறவருக்கே போய்ச் சேருகிறது. பாலைக் கள் என்று சொன்னவரை நிறுத்தி, "நீங்கள் அந்தக் குவளையை முகர்ந்தாவது பார்த்தீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை.

அந்த இரண்டாமவரைப் பற்றியே இங்கே சிறிது சிந்திக்க விரும்புகிறோம். அவர் எங்கோ இருப்பவர் அல்லர். நம் வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும் பள்ளிவாசல் ஹவுள் கரையிலும் அவருடைய குரல் அன்றாடம் கேட்கிறது.

"அந்த வீட்டிலா பெண் எடுக்கப் போகிறீர்கள்? பெண்ணின் தாய்மாமன் வழக்கு, கோர்ட்டு என்று அலைந்தவராயிற்றே!" என்கிறார் ஒரு மாமி. "பைத்துல்மால் தொடங்கலாம் என்று யோசனை சொன்னது யார் தெரியுமா? போன முறை நிர்வாகத்தை எதிர்த்து நின்றாரே, அவருடைய கூட்டாளி. அந்த யோசனையே நமக்கு வேண்டாம்" என்கிறார் ஜமாஅத் கூட்டத்தில் ஒருவர். "குழந்தைக்கு ஊசி போடச் சொல்கிற அந்த டாக்டரம்மா நம்மவரா?" என்கிறார் இன்னொருவர். இன்று கைபேசியில் வரும் ஒரு புகைப்படமே போதும். ஏதோ ஒரு கலியாண வீட்டில் இன்னாருக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆலிம் உட்கார்ந்திருந்தார் என்பதை வைத்து, அவர் இருபது வருடங்களாகச் செய்து வந்த பயான்கள் அனைத்தையும் தள்ளிவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சுகளில் எது பேசப்படவில்லை என்று பாருங்கள். பெண்ணின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பைத்துல்மாலால் ஊருக்கு நன்மை உண்டா என்பது கேட்கப்படவில்லை. அந்த ஊசி நோயைத் தடுக்குமா என்பதும் விசாரிக்கப்படவில்லை. பேச வேண்டிய பொருளை விட்டுவிட்டு, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேறொருவரைக் காட்டி, "ஆகவே இதுவும் அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம். தொடர்பைக் காட்டிக் குற்றம் சாட்டும் பிழை இது. வீட்டுப் பேச்சுக்கு வசதியாக இதை "ஒட்டுப்பழி" என்று வைத்துக்கொள்வோம்.

அரபி மத்ரஸாக்களில் மன்திக் என்னும் தர்க்கக் கலை ஓதிக் கொடுக்கப்படுகிறது. ஒரு முடிவு வர வேண்டுமானால் அதற்கு முன்னால் இரண்டு கூற்றுகள் சரியாகப் பொருந்தி நிற்க வேண்டும் என்பது அதன் பாலபாடம். மாமியின் பேச்சில் ஒரு கூற்றுத்தான் வெளியே தெரிகிறது: "இந்தப் பெண்ணின் தாய்மாமன் வழக்காடியவர்." மற்றது மறைந்து நிற்கிறது. அதை உரக்கச் சொன்னால், "வழக்காடியவர்களுடைய சகோதரி மக்கள் எல்லாரும் குடும்பத்துக்கு ஆகாதவர்கள்" என்றாகும். இதைச் சொல்லச் சொன்னால் மாமிக்கே சிரிப்பு வந்துவிடும். மறைந்திருக்கும் வரைதான் அதற்குப் பலம்.

சகோதரர்களின் ஒரு வாக்கியம்

திருமறையில் இதற்கு அப்பட்டமான உதாரணம் ஒன்று இருக்கிறது. ஓதும்போது நாம் விரைந்து கடந்து போய்விடும் இடம் அது. ஸூரத்து யூஸுஃபின் 77-ஆவது ஆயத்.

வரலாறு நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்ததே. பஞ்ச காலத்தில் தானியம் வாங்குவதற்காக யஃகூப் நபி (அலை) அவர்களின் மக்கள் மிஸ்ர் நாட்டுக்கு இரண்டாம் முறையாக வருகிறார்கள். இம்முறை தம்பி புன்யாமீனும் உடன் வந்திருக்கிறார். அதிகாரத்தில் அமர்ந்திருப்பவர் தாங்கள் கிணற்றில் தள்ளிய யூஸுஃப்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. தம்பியைத் தம்மிடம் நிறுத்திக்கொள்வதற்காக அல்லாஹ் காட்டிக்கொடுத்த உபாயப்படி, அரசருடைய பானபாத்திரம் புன்யாமீனின் மூட்டையில் வைக்கப்பட்டிருந்தது. சோதனையில் அது வெளியே எடுக்கப்படுகிறது. உடனே சகோதரர்கள் சொன்னது இதுதான்: இவன் திருடியிருந்தால் அதில் வியப்பில்லை, இவனுடைய சகோதரன் ஒருவனும் முன்பு திருடியவன்தான்.

இந்த ஒரு வாக்கியத்தை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நல்லது. முதலாவதாக, அதில் இருக்கும் இரண்டு குற்றச்சாட்டுகளும் பொய். புன்யாமீன் திருடவில்லை, யூஸுஃபும் திருடியவர் அல்லர். யூஸுஃபைப் பற்றிய அந்தப் பேச்சுக்குக் காரணமாகத் தஃப்ஸீர்களில் பலவிதமாகக் கூறப்படுகிறது. சிறு வயதில் அவரை வளர்த்த அத்தை, அவரைப் பிரிய மனமில்லாமல் தம் இடைக்கச்சையை அவர் மேல் கட்டிவிட்டுக் களவு போய்விட்டதாகச் சொன்னார் என்பது அவற்றில் ஒன்று. அது எப்படியிருப்பினும், நிரூபிக்கப்படாத ஒரு பழையதை எடுத்து, விசாரிக்கப்படாத ஒரு புதியதற்குச் சாட்சியாக நிறுத்தினார்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் கூர்மையானது. யூஸுஃப் அவர்களுக்கும் சகோதரர்தானே? எல்லாரும் ஒரே தந்தையின் மக்கள். சகோதரன் திருடினால் சகோதரனும் திருடன் என்பது விதியானால், அந்தப் பழி பத்துப் பேர் மீதும் அல்லவா வர வேண்டும்? வராமல் பார்த்துக்கொண்டார்கள். "எங்கள் சகோதரன்" என்னாமல் "இவனுடைய சகோதரன்" என்றார்கள். தந்தை வழி உறவை அந்த நேரத்துக்கு அறுத்துவிட்டு, தாய் வழி உறவை மட்டும் எடுத்துப் புன்யாமீனின் கழுத்தில் மாட்டினார்கள். ஒட்டுப்பழி சுமத்துகிறவர் எப்போதும் இப்படித்தான் செய்கிறார். ஒரு மனிதருக்கு நூறு தொடர்புகள் இருக்கும். பழிக்கு உதவுகிற ஒன்றை மட்டும் பொறுக்கி எடுப்பார். தம்மையும் தொடுகிற ஒன்றை மறந்துவிடுவார்.

மூன்றாவதும் உண்டு. முதல் முறை தானியம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி மூட்டைகளை அவிழ்த்தபோது, விலையாகத் தாங்கள் கொடுத்த சரக்கு தங்கள் மூட்டைகளிலேயே திரும்ப வைக்கப்பட்டிருப்பதை அவர்கள் கண்டார்கள் (12:65). அதைத் தாங்கள் வைக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவருடைய மூட்டையில் ஒரு பொருள் இருப்பதாலேயே அதை அவர்தாம் வைத்தார் என்று ஆகாது என்பதற்கு அவர்களே அனுபவ சாட்சிகள். தம்பியின் விஷயத்தில் அந்த அனுபவம் உதவிக்கு வரவில்லை. மனத்தில் பழைய பொறாமை இருந்தது. கையில் பழைய கதை இருந்தது. யோசிக்க வேண்டிய நேரத்தில் கதை முந்திக்கொண்டது.

யூஸுஃப் (அலை) அவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டு, வெளிப்படுத்தாமல் உள்ளத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆயத்தில் சகோதரர்கள் கெஞ்சுகிறார்கள்: தந்தை முதியவர், இவனுக்குப் பதிலாக எங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. பொருள் யாரிடம் காணப்பட்டதோ அவரை விட்டு வேறொருவரைப் பிடிப்பதிலிருந்து அல்லாஹ் காப்பானாக, அப்படிச் செய்தால் நாம் அநியாயக்காரர்களாகிவிடுவோம் என்பது யூஸுஃப் (அலை) அவர்களின் பதில் (12:79). சகோதரனுக்காகச் சகோதரனைக் குற்றவாளியாக்கிய பேச்சும், சகோதரனுக்காகச் சகோதரனைப் பிடிக்க மறுத்த பேச்சும் ஒரே சபையில், இரண்டு ஆயத் இடைவெளியில் நிகழ்கின்றன. முந்தியது யாருடைய வாயிலிருந்து வந்தது, பிந்தியது யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

ஒருவருடைய பாவச்சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்ற விதியைத் திருக்குர்ஆன் ஐந்து இடங்களில் கூறுகிறது (6:164, 17:15, 35:18, 39:7, 53:38). ஒரு குலத்தவன் கொலை செய்தால் அந்தக் குலத்தில் எவன் அகப்பட்டாலும் வெட்டலாம் என்றிருந்த அரபு நாட்டில் அது எவ்வளவு பெரிய மாற்றம்! ஹிஜ்ரி 10-இல் ஹஜ்ஜத்துல் விதாவின்போது, தந்தையின் குற்றம் மகன் மேல் இல்லை, மகனின் குற்றம் தந்தை மேல் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஜாஹிலிய்யாக் காலத்து இரத்தப் பழிகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தபோது, முதலில் தள்ளியது தம் சொந்தக் குடும்பத்துக்கு வர வேண்டியிருந்த பழியைத்தான்.

நபியின் வீட்டிலும் அவைக்களத்திலும்

அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் யூதத் தலைவர் ஒருவரின் மகள். அதைச் சொல்லிக் காட்டி வீட்டிலேயே ஒரு சொல் எழுந்தது, அவர்கள் அழுதார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸஃபிய்யாவுக்கு ஆறுதல் கூறிய முறை அழகானது. நீ ஒரு நபியின் வழித்தோன்றல், உன் சிறிய தந்தையும் ஒரு நபி, நீ வாழ்க்கைப்பட்டிருப்பதும் ஒரு நபிக்கு என்ற கருத்தில் எடுத்துரைத்ததாகத் திர்மிதீயில் வருகிறது. தொடர்பைச் சொல்லித்தான் பேச வேண்டுமென்றால் ஹாரூன் நபியையும் மூஸா நபியையும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்பது போல இருக்கிறது அந்த விடை. இன்னொருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துவிட்ட அபூதர் (ரலி) அவர்களை, உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் இருக்கிறது என்று கண்டித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. அபூஜஹ்லின் மகன் இக்ரிமா (ரலி) இஸ்லாத்துக்கு வந்தபோது, அவர் காதுபட அவருடைய தந்தையை ஏசாதீர்கள் என்று பெருமானார் (ஸல்) தோழர்களுக்குச் சொல்லி வைத்ததாகச் சரித்திர நூல்கள் கூறுகின்றன. அந்த இக்ரிமா பிற்பாடு ஷாம் நாட்டுப் போர்க்களத்தில் ஷஹீதானார்.

இவை மனிதர்களைப் பற்றியவை. சொல்லப்படும் செய்தியைப் பற்றியும் இதே நீதிதான். ரமளானின் ஜகாத் பொருள்களைக் காவல் காத்த அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் மூன்று இரவுகள் ஒருவன் திருட வந்தான். மூன்றாம் இரவில், விட்டுவிட்டால் பயனுள்ள ஒன்றைக் கற்றுத் தருவதாகச் சொல்லி, படுக்கைக்குப் போகும்போது ஆயத்துல் குர்ஸீ ஓதினால் விடியும்வரை பாதுகாப்பு உண்டு என்றான். காலையில் இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், வந்தவன் ஷைத்தான் என்றும், பெரும் பொய்யனாக இருந்தும் இந்த விஷயத்தில் அவன் உண்மை சொன்னான் என்றும் தெரிவித்தார்கள். இன்று உலகெங்கும் முஸ்லிம் வீடுகளில் படுக்கைக்குப் போகும் முன் ஆயத்துல் குர்ஸீ ஓதப்படுகிறது. சொன்னவன் யார் என்பதற்காக அது கைவிடப்படவில்லை.

நஸாயீயில் இன்னொரு சம்பவம். ஒரு யூதர் வந்து, நீங்கள் "கஅபாவின் மீது ஆணை" என்கிறீர்கள், "அல்லாஹ்வும் நீரும் நாடியது" என்கிறீர்கள், இது இணை வைப்பது போல் இருக்கிறதே என்று குறை கூறினார். எதிர்த் தரப்பிலிருந்து வந்த குறை. "நீர் யார் எங்களுக்குச் சொல்ல?" என்று கேட்டிருக்கலாம். அதற்கு மாறாக, கஅபாவின் இறைவன் மீது ஆணையிடும்படியும், அல்லாஹ் நாடியது, பிறகு நீர் நாடியது என்று பிரித்துச் சொல்லும்படியும் நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். குறை சரியாக இருந்தது, திருத்திக்கொண்டார்கள்.

குப்பியில் இருந்த தேன்

இந்தப் பிழையை நுணுக்கமாக அலசியவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1058-இல் தூஸ் நகரில் பிறந்து 1111-இல் மறைந்த இமாமவர்கள், தம் பிற்காலத்தில் எழுதிய "அல்முன்கிது மினள் ளலால்" என்ற கிதாபில் இதற்கென்று பல பக்கங்களைச் செலவிட்டிருக்கிறார்கள். காரணம், அவர்களே அதற்கு ஆளானார்கள். அவர்களுடைய நூல்களில் சில கருத்துகளைப் பார்த்துவிட்டு, "இது பழைய தத்துவவாதிகளின் பேச்சாயிற்றே" என்று சிலர் ஆட்சேபித்தார்கள். பொய்யர் ஒருவர் முந்திக்கொண்டு எடுத்தாண்ட உண்மையையெல்லாம் விட்டுவிட வேண்டுமானால், "இக்வானுஸ் ஸஃபா" கூட்டத்தார் தம் நூலில் எடுத்துக்காட்டியிருக்கும் குர்ஆன் ஆயத்துகளையும் ஹதீதுகளையும் கூடத் துறக்க வேண்டியிருக்குமே என்று இமாமவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

அங்கே இமாமவர்கள் சொல்லும் உவமை ஒன்று நம் அடுப்படிக்கே பொருந்தும். இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமாக் குப்பியில் தேன் இருந்தால் அதைக் கண்டதும் அருவருப்பு வருகிறது. அந்தக் குப்பி அசுத்தமான இரத்தத்துக்காகச் செய்யப்பட்டது என்ற நினைப்பே அதற்குக் காரணம். இரத்தம் குப்பியில் இருப்பதால் அசுத்தமாகவில்லை. தன் தன்மையால் அசுத்தமாக இருக்கிறது. அந்தத் தன்மை தேனிடம் இல்லாதபோது, குப்பி அதைத் தேனுக்குக் கொடுத்துவிட முடியாது. மனிதர்களும் இப்படித்தான், பிடித்தவர் பெயரால் சொன்னால் பொய்யையும் ஏற்கிறார்கள், பிடிக்காதவர் பெயரால் சொன்னால் உண்மையையும் தள்ளுகிறார்கள் என்று இமாமவர்கள் வருந்துகிறார்கள். மனிதர்களை வைத்து உண்மையை அறிய முயலாதீர். உண்மையை அறிந்துகொண்டால் அதற்குரிய மனிதர்கள் தாமே தெரிவார்கள் என்ற அலீ (ரலி) அவர்களின் கருத்தையும் அங்கே நினைவூட்டுகிறார்கள்.

நம்மில் பலர் கவனியாத மறுபக்கம் ஒன்றையும் இமாமவர்கள் தொட்டுக் காட்டுகிறார்கள். கணிதத்தின் துல்லியத்தைக் கண்டு வியந்த ஒருவன், "கணக்கில் இவ்வளவு கெட்டிக்காரர்களுக்கு மார்க்க விஷயம் மட்டும் தெரியாமலா போகும்?" என்று தத்துவவாதிகளின் எல்லாக் கொள்கைகளையும் விழுங்கிவிடுகிறான். அதற்கு எதிர்க்கோடியில், இஸ்லாத்தின் அறிவில்லாத நண்பன் ஒருவன். அவன் தத்துவவாதிகள் தொட்ட எல்லாவற்றையும் மறுப்பதே தீனுக்குச் செய்யும் உதவி என்று நினைத்து, சூரிய சந்திர கிரகணங்களைப் பற்றிய அவர்களுடைய கணக்கையும் மறுக்கிறான். கணக்கைக் கண்கூடாகச் சரிபார்த்தவர்கள் அப்போது சந்தேகப்படுவது கணக்கை அல்ல, இஸ்லாத்தை! இந்த நண்பனால் மார்க்கத்துக்கு வரும் தீங்கு பெரிது என்கிறார்கள் இமாமவர்கள்.

முதலாமவனின் வகையில் நம் காலத்திலும் வீடுகள் அழிந்திருக்கின்றன. ஹலாலான முதலீடு என்ற பெயரில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-இல் சரிந்தது. பெண்களின் நகைப் பணமும், மகளின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பும் அப்படிப்பட்ட இடங்களில் போய் மாட்டுவது எதனால்? கணக்குப் புத்தகத்தை யாரும் பார்ப்பதில்லை. நடத்துகிறவரின் தோற்றத்தையும், அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்களையும் பார்த்தே நம்பிவிடுகிறோம். ஒட்டுப்பழிக்கு ஒட்டுப்புகழ் உடன்பிறந்தது.

இமாம் கஸ்ஸாலிக்குப் பிறகு வந்தவரும் பல விஷயங்களில் அவர்களை எதிர்த்து எழுதியவருமான குர்துபா நகரத்துக் காழி இப்னு ருஷ்த் (1126-1198), இந்த விஷயத்தில் மட்டும் அதே பக்கம் நிற்கிறார். "ஃபஸ்லுல் மகால்" என்ற நூலில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் அறுக்கும் கத்தி. குர்பானி கொடுக்கும்போது கத்தி அதற்குரிய நிபந்தனைகளோடு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். அது நம் மார்க்கத்தவருடையதா, பிறருடையதா என்று பார்ப்பதில்லையே, அறிவுக் கருவியும் அதுபோன்றதே என்கிறார்.

காப்பிக்கு வந்த வழக்கு

இந்தப் பிழை ஒரு நகரத்தையே ஆட்டிவைத்த வேடிக்கையும் சரித்திரத்தில் உண்டு. இன்று காலையில் நாம் குடிக்கும் காப்பிதான் அங்கே குற்றவாளி. யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ருகளில் தூக்கத்தை விரட்ட இதைக் குடித்துவந்தார்கள். அங்கிருந்து மக்காவுக்கும் வந்தது. 1511-இல் மக்காவில் முஹ்தஸிபாக இருந்த காயிர் பேக், இரவில் சிலர் கூடி உட்கார்ந்து கோப்பையை ஒருவருக்கொருவர் மாற்றிக் குடிப்பதைக் கண்டார். மது அருந்துகிறவர்கள் செய்வதுபோல் இருந்தது. போதாக்குறைக்குப் பெயரும் சரியில்லை. "கஹ்வா" என்பது பழைய அரபியில் மதுவுக்கும் வழங்கிய பெயர். சபை கூட்டப்பட்டு, காப்பிக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் கெய்ரோவிலிருந்து வந்த உத்தரவு, தகாத கூட்டங்களைக் கண்டித்தது. பானத்தை அடியோடு தடுக்கவில்லை. கோப்பை சுற்றி வந்த விதத்தையும் பெயரையும் கண்டு வந்த தீர்ப்பு, பானத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது நிற்கவில்லை. பனைமரத்தடிப் பாலின் கதைதான்.

சேர்க்கையைப் பார்க்கவே வேண்டாமா?

இங்கே சில நியாயமான கேள்விகள் எழும். நல்ல நண்பன் கஸ்தூரி விற்பவனைப் போல, கெட்ட நண்பன் துருத்தி ஊதுபவனைப் போல என்று ஹதீதில் வருகிறதே, ஒருவருடைய சேர்க்கையைப் பார்க்காமல் இருக்கலாமா? பார்க்கத்தான் வேண்டும். அந்த ஹதீது, நான் யாரோடு சேர வேண்டும் என்பதற்கு வழிகாட்டி. என் மகன் யாரோடு சுற்றுகிறான் என்று விசாரிக்க அது என்னைத் தூண்டுகிறது. துருத்திக்காரன் கடைக்குப் போனவன் சட்டை எரிந்துதான் இருக்கும் என்று சட்டையைப் பாராமலே சொல்வதற்கு அதில் ஆதாரம் இல்லை. சேர்க்கை விசாரணைக்குக் காரணமாகலாம். தீர்ப்பு அதிலிருந்து வராது. பாவி ஒருவன் செய்தி கொண்டுவந்தால் என்ன செய்வது என்பதற்குக் கூட ஸூரத்துல் ஹுஜுராத் தரும் கட்டளை, தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதே (49:6).

"ஹதீதுக் கலையில் அறிவிப்பாளர்களைத் துருவித் துருவிப் பார்க்கிறார்களே?" என்றும் கேட்கலாம். ஆம், அங்கே செய்தி அந்த மனிதரின் வாய்ச்சொல்லை மட்டுமே நம்பி நிற்கிறது. ஆகவே அவருடைய உண்மையும் நினைவாற்றலும் பொருளோடு நேரடித் தொடர்புள்ளவை. அப்படிப்பட்ட இடத்திலும் அந்த இமாம்கள் காட்டிய நேர்மையைப் பாருங்கள். இம்ரான் இப்னு ஹித்தான் என்பவர் காரிஜிய்யாக் கூட்டத்தவர். அலீ (ரலி) அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து கவிதை பாடியவர். நமக்கெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டாலே மனம் கசக்கும். ஆனாலும் பட்டுத் துணி பற்றிய ஒரு ஹதீதை அவர் வழியாக இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹில் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் பிரிவு கெட்டது. அவர் சொல்லில் பொய் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை.

மூன்றாவது கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி வருவது. ஒரு கூட்டத்தாரைப் போல் நடப்பவர் அவர்களைச் சேர்ந்தவர் என்று அபூதாவூதில் ஒரு ஹதீது இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு, மேசையில் வைத்துச் சாப்பிடுவது முதல் பள்ளிக்கூடத்துச் சீருடை வரை எல்லாவற்றுக்கும் தடை போடுகிறவர்கள் உண்டு. ஒரு மதத்தாருக்கே உரிய அடையாளங்களையும் வணக்க முறைகளையும் கைக்கொள்வதைப் பற்றிய எச்சரிக்கை அது என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். பொதுப் பயனுள்ளவை வேறு வகை. முத்திரையில்லாத கடிதத்தை ரோமானியர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்று செய்து அதில் முத்திரை பொறிக்கச் செய்தார்கள். குறுகிய கைகளையுடைய ஷாம் நாட்டு ஜுப்பாவைப் பிரயாணத்தில் அணிந்திருந்தார்கள் என்பதும் ஸஹீஹான ஹதீதுதான். அன்று ஷாம் ரோமானியர் ஆட்சியில் இருந்த நாடு.

நகரங்களில் வாடகைக்கு வீடு தேடும் நம் பிள்ளைகளுக்கு நேர்வதை எண்ணிப் பார்க்கலாம். வேலை, சம்பளம், குடும்பம் எல்லாம் கேட்டுத் திருப்தியான வீட்டுக்காரர், பெயரைக் கேட்டதும் "வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது" என்கிறார். எங்கோ யாரோ செய்ததற்கு இந்தப் பையன் என்ன செய்வான் என்று நாம் குமுறுகிறோம். குமுறுவதில் நியாயம் இருக்கிறது. அதே வாரத்தில் நம் வீட்டுக் கூடத்தில், இன்ன ஊர்க்காரர்கள் எல்லாம் இப்படித்தான், இன்ன ஜமாஅத்தைச் சேர்ந்தவன் என்றால் அவன் தொழுகையைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்கிறோம். வீட்டுக்காரர் தம் கூடத்தில் பேசியதும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இந்தப் பழி மிக ஆழமாக வெட்டுவது பெண் பேசும் இடத்தில். மறுக்கப்பட்ட பெண்ணுக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. தன்மேல் சாட்டப்பட்டது என்னவென்றே தெரியாததால் அவள் பதில் சொல்லவும் வழியில்லை. அடுத்து வருகிற வீட்டார், "முன்பே ஒரு சம்பந்தம் பேசி நின்றுபோன இடமாமே" என்கிறார்கள். முதல் பழிக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பழியே இரண்டாவது பழிக்கு ஆதாரமாகிவிடுகிறது. இப்படியே வயது ஏறிப் போகிறது. அந்தத் தாய்மாமன் அதே வீட்டிலிருந்து குடும்பத்தை நடத்துகிறவர், நாளை மாப்பிள்ளை வீட்டாரோடும் அவர்தான் பேசப் போகிறார் என்றால் அவரைப் பற்றிக் கேட்பதில் பொருளுண்டு. வேறு ஊரில் இருந்துகொண்டு பெருநாளுக்கு மட்டும் வந்து போகிறவர் என்றால், அவருடைய வழக்குக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் பேசுமுன் விசாரிப்பதற்கு நம்மிடம் அழகான முன்மாதிரி இருக்கிறது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்ற குறைஷிப் பெண்மணியை முஆவியாவும் அபூஜஹ்மும் பெண் கேட்டிருந்தார்கள். அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து யோசனை கேட்டார்கள். முஆவியாவின் தந்தை அபூஸுஃப்யான்; முஸ்லிம்களை எதிர்த்துப் பல வருடங்கள் படை நடத்தியவர். அந்தப் பேச்சே எழவில்லை. முஆவியா கையில் பொருளில்லாதவர் என்றும், அபூஜஹ்ம் கம்பைத் தோளிலிருந்து இறக்காதவர் என்றும், அவரவருக்கு உரியதை மட்டும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். உஸாமா இப்னு ஸைதை மணந்துகொள்ளும்படி கூறினார்கள். உஸாமாவின் தந்தை விடுதலை செய்யப்பட்ட அடிமை. தாய் ஹபஷாவைச் சேர்ந்த உம்மு ஐமன். ஃபாத்திமாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. மறுபடியும் உஸாமாவையே மணக்கும்படி சொன்னார்கள், மணந்துகொண்டார்கள். அந்த மணத்தில் அல்லாஹ் நன்மையை வைத்தான் என்றும், மற்றவர்கள் தம்மைப் பார்த்து ஏங்கும் அளவுக்கு வாழ்ந்ததாகவும் பின்னாளில் அவர்களே கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருக்கிறது.